சாய்தளத்துக்கு வெளியே உள்ள சரிவு

கொடைக்கானல் நகரத்துக்கு வடக்கே, பழனி மலைத்தொடரின் சரிவில் அமைந்த வில்பட்டி ஊராட்சியில் சமதரை என்பது பெரும்பாலும் மனிதர் வெட்டி உண்டாக்கியதாகும். கேரட்டும் உருளைக்கிழங்கும் பீன்ஸும் மலைப்பூண்டும் விளையும் வயல்கள் சரிவை அடுக்கடுக்காகக் கொத்தி அமைக்கப்பட்டவை. மலை ஊர்களின் வீடுகளும் அவ்வாறே ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஏறி நிற்பவை. இவற்றைச் சாலையோடு இணைப்பவை படிகளும் ஒற்றையடிப் பாதைகளும்தாம். மாற்றுத்திறனாளிகள் பிறரைப் போலவே போகவும் வரவும் படிக்கவும் உழைக்கவும் ஏதுவான ‘தடையற்ற சூழல்’ பற்றி இந்தியாவில் எழுதப்படும் விதிகளும் கையேடுகளும் அநேகமாகச் சமவெளி நகரத்துக் கட்டடத்தை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. அங்கே தடை வாசற்படியில் தொடங்குகிறது; ஒரு சாய்தளம் கட்டினால் பாதி தீர்ந்துவிடுகிறது. வில்பட்டி போன்ற ஊரிலோ தடை வாசலுக்கு வெகு முன்பே தொடங்கிவிடுவதால், யாருக்காகக் கட்டடத்தை மாற்றுவது என்பதற்கு முன்னால், யார் யாரை நோக்கி ஏறிப் போவது என்ற கேள்வி வந்து நிற்கிறது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அவர்களில் தமிழ்நாட்டில் வாழ்வோர் ஏறத்தாழ 11.8 லட்சம். உலக சுகாதார நிறுவனமோ உலக மக்களில் ஆறில் ஒருவர், அதாவது ஏறத்தாழ 130 கோடிப் பேர், குறிப்பிடத்தக்க உடல் அல்லது மனக் குறைபாட்டோடு வாழ்வதாகக் கணிக்கிறது. இரண்டு கணக்குகளுக்கும் இடையிலுள்ள பெரும் வேறுபாடு, இந்தியாவில் குறைபாடு குறைவு என்பதைக் காட்டிலும், எதைக் குறைபாடாகக் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள் என்பதையே பெரிதும் உணர்த்துகிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைகளை மட்டுமே ஏற்றுக்கொண்டது. அதற்குப் பதிலாக வந்த 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் மனநோய், ஆட்டிசம், தசைச் சிதைவு, அரிவாள் செல் நோய், அமிலவீச்சினால் வந்த பாதிப்பு உள்ளிட்ட 21 வகைகளை ஏற்றது. மூட்டு தேய்ந்து படியேற முடியாத எண்பது வயது மூதாட்டி இந்த 21 வகைகளில் எதிலும் அடங்காமல் போகலாம். ஆனால் மலை ஊரில் அவரும் அதே படியின் அடியில்தான் நிற்கிறார்.

குறைபாட்டையும் இயலாமையையும் வேறாகப் பார்க்கும் கருத்தை இத்துறையினர் ‘சமூக மாதிரி’ என்பர். கால் செயலிழந்திருப்பது உடலின் நிலை. அந்தக் காலோடு ஊராட்சி அலுவலகத்துக்குள் போக முடியாதிருப்பது அந்த அலுவலகத்தைக் கட்டிய விதத்தின் விளைவு என்பதே அதன் சாரம். பிரிட்டனில் 1970களில் மாற்றுத்திறனாளிகளே உருவாக்கிய இக்கருத்தை விளக்கக் கொடைக்கானலின் வரலாற்றைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது கடினம். 1845இல் அமெரிக்க மதபோதகர்கள் இங்குக் குடியேறியது முதல், 20ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் மோட்டார் சாலை வரும்வரை, மலையேற வழி நடைபாதைதான். நடக்க இயன்றவர் நடந்தனர், வசதியுள்ளோர் மட்டக்குதிரையில் வந்தனர், துரைமாரும் துரைசானிகளும் மூங்கில் கழியில் கட்டிய நாற்காலியில் அமர்ந்துகொள்ளக் கூலியாட்கள் தோளில் சுமந்து ஏறினர். நல்ல உடல்நிலையில் இருந்தவர்கள் மணிக்கணக்கில் பிறர் தோளில் பயணம் செய்தார்கள். அவர்களை யாரும் இயலாதவர் என்று சொல்லவில்லை, அவர்களுக்காகச் சாலை போடப்பட்டது. சாலை வந்தபின் சுமப்பதற்கான தேவையே இல்லாமல் போயிற்று.

எல்லோருக்கும் அது இல்லாமல் போய்விடவில்லை. கொடைக்கானலுக்குத் தெற்கே வெள்ளகவி போன்ற ஊர்கள் வாகனச் சாலையின்றியே தலைமுறைகளைக் கழித்தவை. அங்கே நோயாளிகளையும் கருவுற்ற பெண்களையும் கம்பிலே கட்டிய போர்வையிலோ நாற்காலியிலோ ‘டோலி’ கட்டித் தூக்கிச் செல்வது செய்தித்தாள்களில் பலமுறை வந்த விவரம். டோலி தூக்க நாலு பேர் வேண்டும், அவர்கள் களைத்தால் தோள்மாற்ற இன்னும் நாலு பேர் வேண்டும். மருத்துவமனைக்கு ஒருமுறை போய்வர எட்டுப் பேரின் ஒரு நாள் கூலி போகும். நெருக்கடி நேரத்தில் ஊரே திரண்டு தூக்கும். ஆனால் மாதந்தோறும் இயன்முறைச் சிகிச்சைக்கோ, அடையாள அட்டையைப் புதுப்பிப்பதற்கோ, வெறுமனே தேநீர்க் கடைக்குப் போய்வரவோ யாரும் டோலி கேட்க மாட்டார்கள். உயிர் போகும் வேளையில் மட்டுமே வெளியே வர முடிகிற வாழ்க்கையை, ஊராரின் அன்பு எவ்வளவு பெரிதாயினும், சமமான வாழ்க்கை என்று சொல்ல இயலாது.

சாய்தளத்தின் கணக்கு எளிது. ஏறும் உயரத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு நீளம் அதற்கு வேண்டும். சக்கர நாற்காலியில் அமர்ந்தவர் தாமாக உருட்டி ஏறுவதற்குத் தரநிலைகள் ஏற்கும் மிகுதியான சரிவு இந்த 1:12 விகிதமே. அரை மீட்டர் உயரத் திண்ணைக்கு 6 மீட்டர் சாய்தளம் போதும். சாலையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் உள்ள வீட்டுக்கோ 120 மீட்டர் வேண்டும். இடையிடையே நின்று மூச்சுவாங்கச் சமதளங்களையும் சேர்த்தால் அதைவிட நீளும். அவ்வளவு நிலம் எந்த மலைக் குடியிருப்பிலும் ஒருவருக்குச் சொந்தமாக இருப்பதில்லை. மலையில் அணுகல் வசதி சாத்தியமில்லை என்ற முடிவுக்குப் பலரும் வந்துவிடுவது இந்த இடத்தில்தான்.

அம்முடிவு அவசரமானது. இந்திய சாலைக் குழுமத்தின் தரநிலை, செங்குத்தான மலைப்பகுதிச் சாலைகள்கூடப் பொதுவாக 6 விழுக்காட்டுச் சரிவில் அமைய வேண்டும் என்றும், வேறு வழியே இல்லாத சிறு நீளத்துக்கு 8 விழுக்காடு வரை போகலாம் என்றும் சொல்கிறது. 8 விழுக்காடு என்பது 1:12.5, அதாவது சுமையேற்றிய லாரிக்காக வகுக்கப்பட்ட விதி, சக்கர நாற்காலிக்கான விதியைவிடச் சற்றே மென்மையான சரிவைக் கேட்கிறது. கொண்டை ஊசி வளைவுகள் என்பவை, மலையை நேராக ஏறாமல் நீளத்தைக் கூட்டிச் சரிவைக் குறைக்கும் உத்தியன்றி வேறல்ல. மலையில் மென்சரிவு அமைக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது, லாரிக்கு அமைத்திருக்கிறார்கள். சாலை முடிந்து வீடு வரை உள்ள கடைசி இருநூறு அடிக்குத்தான் யாரும் கணக்குப் போடவில்லை. அங்கே சுமை ஏறுவது தலையிலும் குதிரை முதுகிலும் என்பதால், சரிவைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய தேவை எழவில்லை போலும்.

மலையடிவாரத்துப் பழனியில் இதே கணக்கு வேறுவிதமாகப் போடப்பட்டிருக்கிறது. தண்டாயுதபாணி கோயிலுக்கு ஏற 693 படிகள் உண்டு. அவற்றோடு, கோயில் யானை ஏறுவதற்கென்று சுற்றி வளைந்து செல்லும் யானைப்பாதையும் உண்டு. யானைக்காக அமைந்த அந்த நீண்ட மென்சரிவையே முதியவர்களும் குழந்தையைத் தூக்கிச் செல்வோரும் மூட்டுவலி உள்ளோரும் விரும்பி ஏறுகிறார்கள். ஒரு தேவைக்காகச் செய்த மாற்றம் கேட்காத பலருக்கும் பயன்படுவதை வடிவமைப்பாளர்கள் ‘அனைவருக்குமான வடிவமைப்பு’ என்பர். யானைப்பாதை சக்கர நாற்காலித் தரநிலைக்கு உட்பட்டதன்று என்றாலும், அதன் பின்னுள்ள எண்ணம் இதுவே. 1966இல் அங்கு மின் இழுவை ரயில், மக்கள் வழக்கில் ‘விஞ்ச்’, ஓடத் தொடங்கியது. 2004இல் ரோப்கார் வந்தது. அதே 2004இல் கொலம்பியா நாட்டின் மெதெயின் நகரம், மலைச்சரிவில் நெருக்கியடித்து வாழ்ந்த ஏழைக் குடியிருப்புகளை நகர ரயிலோடு இணைக்கக் கம்பிவடப் பெட்டிகளை அன்றாடப் பொதுப்போக்குவரத்தாக இயக்கத் தொடங்கியது. தொழில்நுட்பம் ஒன்றுதான். பழனியில் அது சாமி பார்க்க ஏறுபவரைத் தூக்கியது, மெதெயினில் வேலைக்குப் போய் வீடு திரும்புபவரைத் தூக்கியது. வில்பட்டிக்கு ரோப்கார் வேண்டும் என்பது இதன் பொருளன்று. பக்தருக்கும் பயணிக்கும் கிடைத்த பொறியியல் குடியிருப்பவருக்கும் உரியது என்பதே பொருள். படிகளின் இருபுறமும் உறுதியான கைப்பிடிக் கம்பி, ஒரே அளவான படியுயரம், இருபது படிக்கு ஒரு தங்குமேடை, மழையில் வழுக்காத தளம், இரவில் விளக்கு ஆகியவை சக்கர நாற்காலியை ஏற்றிவிடாது. ஊன்றுகோலுடன் நடப்பவரையும் பார்வை மங்கியவரையும் முதியவரையும் ஏற்றிவிடும். செலவும் ஊராட்சியின் கைக்கு எட்டாததன்று.

தொலைவு என்பது மற்றொரு சரிவு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கும் திண்டுக்கல், கொடைக்கானலிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர். வில்பட்டியில் வாழ்பவர் முதலில் நகரத்துக்கு வந்து, பிறகு வளைவுகளில் வத்தலக்குண்டு வரை இறங்கி, அங்கிருந்து திண்டுக்கல் போய் அன்றே திரும்ப வேண்டுமானால் விடியுமுன் கிளம்ப வேண்டும். துணையாள் ஒருவரும் அன்றைய கூலியை இழக்க வேண்டும். 2021இல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கும், பின்னர் மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களின் துணையாளுக்கும் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது, மலைப்பகுதிகளில் ஓடுபவை அவ்வகைப் பேருந்துகள் அல்ல என்பதால் அவற்றுக்குச் சலுகை எட்டவில்லை. நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை ஆகிய மலைப்பகுதிகளுக்கு அத்திட்டம் விரிவாக்கப்படும் என்று 2024 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில்தான் அறிவிப்பு வந்தது. சமவெளியை அளவாகக் கொண்ட திட்டம் மலையை மறந்துவிடுவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. கட்டணம் போனாலும் படி போகவில்லை: வழக்கமான பேருந்தின் தளம் தரையிலிருந்து ஏறக்குறைய இடுப்புயரம். தாழ்தளப் பேருந்தில் அது 400 மில்லிமீட்டர்; மாற்றுத்திறனாளிகள் உயர்நீதிமன்றம் வரை நடத்திய நெடிய போராட்டத்துக்குப் பின் 2024இல் அத்தகைய பேருந்துகள் சென்னைச் சாலைகளில் புதிதாக இறங்கின. கொண்டை ஊசி வளைவுகளில் அடிப்பாகம் தரைதட்டும் என்பதால் அதே வடிவம் மலைக்குப் பொருந்துவது ஐயம். மலைப் பேருந்துக்கு மடக்கு ஏணியோ தூக்கியோ பொருத்துவது போன்ற தனி விடை தேவைப்படும்.

மனிதர் சேவையை நோக்கி ஏற முடியாதபோது சேவை மனிதரை நோக்கி இறங்கி வரலாம். கடந்த சில ஆண்டுகளில் தமிழ்நாடு இத்திசையில் கணிசமாக நகர்ந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இரத்த அழுத்த, நீரிழிவு மருந்துகளோடு இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டுக்குக் கொண்டுசெல்கிறது. 2025 ஆகஸ்டில் அறிமுகமான ‘தாயுமானவர்’ திட்டம், 70 வயதைக் கடந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள்களை வீட்டு வாசலில் கொடுக்க வகைசெய்தது. அப்போது அறிவிக்கப்பட்ட பயனாளிகள் ஏறத்தாழ 21.7 லட்சம் பேர். பள்ளிக்கு வர இயலாத குழந்தைகளுக்குச் சிறப்புப் பயிற்றுநர்கள் வீட்டுக்கே சென்று கற்பிக்கும் ஏற்பாடும், 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளோர் வீட்டிலிருந்தே வாக்களிக்கும் ஏற்பாடும் உண்டு. அரிசி மூட்டையோடு படியேறுவது என்னவென்று அறிந்த குடும்பத்துக்கு இவை சிறு உதவிகள் அல்ல.

ஆயினும் இவை அனைத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் சங்கடமான காட்சி ஒன்று புலப்படுகிறது. அரிசி வீட்டுக்கு வருகிறது, மாத்திரை வீட்டுக்கு வருகிறது, பாடம் வீட்டுக்கு வருகிறது, வாக்குச்சீட்டும் வீட்டுக்கு வருகிறது. வெளியே போக வேண்டிய காரணம் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடுகிறது. மலை ஊரில் ரேஷன் கடை அரிசி வாங்கும் இடம் மட்டுமன்று, பக்கத்து ஊர்ச் செய்தி கேட்கும் இடம், வரன் பேசும் இடம், கேரட் என்ன விலைக்குப் போனது என்று அறியும் இடம். பெண்குழந்தையாக இருந்தால் வீட்டோடு இருப்பதே பாதுகாப்பு என்ற எண்ணத்துக்கு வீடுதேடி வரும் கல்வி வசதியான சாக்காகிவிடக்கூடும். வீட்டுக்கு வரும் சேவை, வெளியே வரும் வழி அமையும்வரை நடக்கும் ஏற்பாடாகவும், விரும்புவோரின் தேர்வாகவும் இருக்க வேண்டும். வழி அமைக்காததற்கு ஈடாக அது ஆகிவிடக் கூடாது.

கருவிகளிலும் சமவெளிச் சிந்தனையே ஆட்சி செய்கிறது. கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி தஞ்சாவூர்ச் சாலையில் விடுதலை தரும். கொடைக்கானல் மேட்டில் அது ஏறாது, இறக்கத்தில் பிடி நிற்காது. இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர் மலைச்சாலையில் ஓரளவு பயன்படுகிறது. அதை நிறுத்தும் இடத்திலிருந்து வீடு வரை உள்ள பாதைக்கு அதனிடமும் விடை இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவாகி 2021இல் அறிமுகமான ‘நியோபோல்ட்’ போன்ற, சக்கர நாற்காலியோடு இணைக்கும் மோட்டார் கருவிகள் கரடுமுரடான தரையையும் கருதி வடிவமைக்கப்பட்டவை. மலை மாவட்டங்களுக்கு எந்தக் கருவி என்பதை விநியோகத்துக்கு முன்பே கேட்டால், முகாமில் வாங்கிய வண்டி வீட்டுச் சுவரில் சாய்ந்து துருப்பிடிக்கும் நிலை குறையும்.

தடையற்ற சூழல் என்றதும் சக்கர நாற்காலியே நினைவுக்கு வருவதால் பிற குறைபாடுகள் பின்தங்கிவிடுகின்றன. பழனி மலையில் மூடுபனி இறங்கும் மாதங்களில், குறைபார்வை உள்ளவருக்குச் சாலையும் வடிகாலும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். நடைபாதையற்ற வளைவில் வெண்கோலுடன் நடப்பவர் ஒருபுறம் மலைச்சுவருக்கும் மறுபுறம் வாகனத்துக்கும் இடையில் நடக்கிறார். படியின் விளிம்பில் மஞ்சள் வண்ணக்கோடு போடுவதற்கு ஒரு டப்பா பெயின்ட் போதும். காது கேளாதவருக்கு வளைவில் வரும் வாகனத்தின் ஹாரன் உதவாது. அகலமான ஓரமும் குவியாடியும் உதவும். அறிவுசார் குறைபாடும் மனநோயும் உள்ளோருக்குத் தேவையானவை கல்லும் கம்பியும் அல்ல, பொறுமையாகப் பேசும் அலுவலரும் எளிய சொற்களில் எழுதிய படிவமும் ஆகும். ஒருவரின் தேவைக்கேற்பப் பெரும் சுமையின்றிச் செய்துதரக்கூடிய இத்தகைய மாற்றங்களைச் சட்டம் ‘நியாயமான இசைவமைப்பு’ என்று குறிக்கிறது; அவற்றை மறுப்பதைப் பாகுபாடு என்றே 2016ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுக்கிறது.

அச்சட்டம் பொதுக் கட்டடங்களைப் பற்றியும் தெளிவாகப் பேசுகிறது. விதிகள் அறிவிக்கப்பட்ட ஐந்து ஆண்டுக்குள் பழைய பொதுக் கட்டடங்கள் அனைத்தும் அணுகத்தக்கவையாக மாற வேண்டும் என்றது; விதிகள் வந்தது 2017இல், கெடு முடிந்தது 2022இல். கெடு முடிந்ததை யாரும் பெரிதாகக் கவனிக்காததற்கு ஒரு காரணத்தை 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது: அணுகல் தரம் பற்றிய 15ஆம் விதி, கட்டாயமாக அமைந்திருக்க வேண்டியதை வெறும் பரிந்துரைகளாக எழுதிவிட்டது என்றும், அது சட்டத்துக்கே முரண் என்றும் தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. விட்டுக்கொடுக்க முடியாத அடிப்படைத் தரங்களைத் தனியே பிரித்து விதியாக்குமாறும் ஆணையிட்டது. அத்தகைய தரங்கள் வகுக்கப்படும்போது மலைப்பகுதிக்கென்று ஓர் அத்தியாயம் இல்லாவிட்டால், சாலைமட்டத்திலிருந்து ஐம்பது படி மேலே நிற்கும் அலுவலகமும் தன் வாசலில் ஒரு சாய்தளத்தைக் கட்டிவிட்டு விதியை நிறைவேற்றியதாகக் கணக்குக் காட்ட முடியும்.

கட்டுவதோடு வேலை முடிவதும் இல்லை. சென்னை மெரினா கடற்கரையில் மாற்றுத்திறனாளிகளுக்கான 263 மீட்டர் நீள நிரந்தர மரப்பாதை 2022 நவம்பர் இறுதியில் திறக்கப்பட்டு, இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயலில் சேதமடைந்து, மீண்டும் சீர்செய்யப்பட்டது. தலைநகரில் எல்லோர் கண்ணெதிரிலும் இருந்ததால் அது விரைவில் சீரானது. மலையிலோ, 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானலைப் புரட்டிப்போட்டு, மரங்களும் மண்சரிவும் சாலைகளை அடைத்தபோது, நடக்க முடிந்தவர்கள் நடந்து இறங்கி உதவி தேடினார்கள். மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாற்றுத்திறனாளிகளின் விவரப் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும் என்பதும் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ள கடமைதான். எந்த வளைவுக்கு மேல் எந்த வீட்டில் யாரைத் தூக்கி இறக்க வேண்டியிருக்கும் என்பது மாவட்டத் தலைநகரில் உள்ள கோப்பைவிட ஊராட்சியின் பதிவேட்டில் இருந்தால்தான் மழைநாளில் பயன்படும்.

ஊராட்சி என்ற அமைப்பில் அண்மையில் நிகழ்ந்த மாற்றம் இதனால் முக்கியமாகிறது. தமிழ்நாட்டின் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத்திருத்தங்கள் 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் நிறைவேறின. 12,500க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் ஒவ்வொன்றிலும் ஒருவருக்கு இடம் உண்டு. தேர்தலில் நின்று வெல்வது அரிதாக இருந்தவர்களுக்கு இது பெரிய வாசல். தெருவிளக்கு எங்கே, கைப்பிடிக் கம்பி எந்தப் படிக்கு முதலில், அடுத்த அங்கன்வாடியைச் சாலைமட்டத்தில் கட்டுவதா மேட்டில் கிடைத்த புறம்போக்கில் கட்டுவதா என்பவை ஊராட்சியில் முடிவாகும் விஷயங்கள். இவற்றில் இடத்தேர்வே முதன்மையானது. கட்டி முடித்த பின் சாய்தளம் தேடுவதைவிட, கட்டுமுன் சாலையோரத்தில் இடம் தேடுவது பலமடங்கு மலிவு. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும் என்பது தமிழ்நாட்டின் நடைமுறை. வில்பட்டி போன்ற ஊராட்சியில் அதன் கூட்ட அறிவிப்பில் நாள், நேரத்தோடு, கூடும் இடத்துக்குச் சாலையிலிருந்து எத்தனை படி என்பதையும் எழுதச் சொல்லிப் புதிய உறுப்பினர் முதல் தீர்மானத்தைக் கொண்டுவரலாம். அந்த எண்ணிக்கை பூச்சியமாகும் இடத்தைத் தேடுவது மற்ற உறுப்பினர்களின் பொறுப்பு.